ஆலாபனைக்கு நடுவே ஒரு ஷட்டர்: கச்சேரி அரங்கில் நிக்கான் இசட் 8

சில ஆண்டுகளுக்கு முன், மயிலாப்பூரில் ஐம்பது பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறிய கூடத்தில், ஒலிபெருக்கி இல்லாமல் நடந்த கச்சேரி ஒன்றை ஒளிப்படம் எடுக்கச் சென்றிருந்தேன். பாடகி காம்போதியை நெடுநேரம் விரித்து, மேல் ஸ்தாயியில் உலவிவிட்டு, மெல்ல இறங்கி மந்தர பஞ்சமத்தில் குரலை நிறுத்தினார். கூடத்தில் தம்பூராவைத் தவிர வேறு ஒலியே இல்லை. கண்கள் மூடியிருந்த அந்த முகத்தைப் பார்த்துப் பொறுக்கமுடியாமல் ஷட்டரை அழுத்தினேன். டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் கண்ணாடி மேலே எழும்பி, ஷட்டர் திரை ஓடி, கண்ணாடி மறுபடியும் கீழே விழுந்த ஓசை அந்தக் கூடத்தில் ஒரு பெட்டியை மூடியது போலக் கேட்டது. பாடகி கண் திறந்து பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் மறுபடியும் கண்களை மூடிக்கொண்டார். ஆனால் அந்த மந்தர பஞ்சமம் திரும்பி வரவில்லை. படம் நன்றாகவே வந்திருந்தது. அதை நான் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

ஒளிப்படக்காரர்களின் பேச்சில் ‘நாய்ஸ்’ என்றால் குறைந்த வெளிச்சத்தில் படத்தில் தோன்றும் புள்ளிகளைத்தான் குறிக்கும். இந்த மதிப்புரை காதில் விழும் சத்தத்தைப் பற்றியது. கடந்த இரண்டு மார்கழி விழாக்களில், பெரிய சபா அரங்குகளிலும் சிறிய கூடங்களிலுமாக நான் பயன்படுத்திவரும் நிக்கான் இசட் 8 கேமராவை அந்த ஒரே கோணத்திலிருந்து எழுதுகிறேன். அதன் வீடியோ வசதிகளையும், பறவைகளை அது எவ்வளவு நன்றாகத் தொடர்ந்து ஃபோகஸ் செய்கிறது என்பதையும் பலர் எழுதிவிட்டார்கள். ஒரு கச்சேரியைக் கெடுக்காமல் படம் எடுக்க அது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதே என் கேள்வி.

கேமரா ஏன் சத்தம் போடுகிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் எந்தச் சத்தத்தை எந்தக் கருவி நீக்குகிறது என்பது அப்போதுதான் விளங்கும். டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் பெரிய ஓசை, காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிக் காட்டும் கண்ணாடியினுடையது. ஒவ்வொரு படத்துக்கும் அது ஒரு முறை எழுந்து ஒரு முறை விழுகிறது. அடுத்தது ஷட்டரின் இரண்டு திரைகள் ஓடி நின்று, அடுத்த படத்துக்காக மறுபடியும் இழுத்து வைக்கப்படும் ஓசை. அதற்கும் கீழே, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையான அபர்ச்சரின் இதழ்கள் மூடித் திறக்கும் மெல்லிய ஓசையும், ஃபோகஸ் மோட்டாரின் ஓசையும் இருக்கின்றன. மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபோது கண்ணாடி போயிற்று. ஆனால் திரையின் ஓசை அப்படியே இருந்தது. அந்தத் திரையையும் விட்டுவிட்டு, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரையே மின்னணு முறையில் தொடங்கி நிறுத்துவதுதான் மின்னணு ஷட்டர்.

மின்னணு ஷட்டருக்கு முந்தைய வழிகளையும் நான் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறேன். பழைய நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ‘க்யூ’ என்ற அமைதி முறை ஒன்று உண்டு. அதில் பொத்தானிலிருந்து விரலை எடுக்காதவரை கண்ணாடி கீழே இறங்காது. எனவே பல்லவியின் எடுப்பிலோ, மிருதங்கத்தின் தீர்மானத்திலோ படத்தை எடுத்துவிட்டு, விரலை அப்படியே அழுத்திப் பிடித்திருந்து, கைத்தட்டல் எழும்போது விடுவேன். பாதிச் சத்தத்தை இப்படி ஒளித்து வைக்க முடிந்தது, மறுபாதிக்கு வழியில்லை. பிறகு ஒரு தையல்காரரிடம் சொல்லி, உள்ளே இரண்டு அடுக்கு நுரை வைத்த கெட்டித் துணிப்பை ஒன்றைக் கேமராவுக்காகத் தைத்துக்கொண்டேன். ஓசையின் கூர்மை அதில் மழுங்கியது உண்மை, ஆனால் அடித்தொனி அப்படியே நின்றது. பத்து நிமிடத்தில் கை வியர்த்து, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாமல் போயிற்று. நேரடி ஒலிப்பதிவு நடக்கும் சினிமாப் படப்பிடிப்புகளில் ஸ்டில் ஒளிப்படக்காரர்கள் வெகுகாலம் பயன்படுத்திய ‘பிளிம்ப்’ என்னும் கெட்டியான பெட்டி இந்தத் துணிப்பையைவிட எவ்வளவோ மேலானது. கேமராவை முழுக்க உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆனால் சபா அரங்கில் இரண்டாவது வரிசை ரசிகருக்குப் பக்கத்தில் அமர்ந்து அப்படிப்பட்ட பெட்டியைத் தூக்கிப் பிடித்தால், காதுக்குத் தந்த நிம்மதியைக் கண்ணுக்குத் தராமல் செய்துவிடுவோம்.

பின்னர் மின்னணு ஷட்டர் உள்ள ஒரு மிரர்லெஸ் கேமராவை வாங்கினேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை, அந்தக் காலத்தின் பல கேமராக்களுக்கும் இதே குணம்தான். சைலன்ட் முறையில் அது உண்மையிலேயே ஊமையாக இருந்தது. முதல் கச்சேரியில் முந்நூறு படங்களுக்கு மேல் மனநிறைவோடு எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தபோது, பெரும்பாலான படங்களில் பாடகரின் முகத்தின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டையும் ஒரு வெளுப்புப் பட்டையும் மாறி மாறி ஓடியிருந்தன. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படங்களில் அந்தப் பட்டைகளும் செங்குத்தாக நின்றன. சத்தத்தைத் தொலைத்ததற்கு நான் கொடுத்த விலை அது.

இதன் காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தக் கேமராவை வாங்க வேண்டும் என்பதும் எனக்கு விளங்கியது. மின்னணு ஷட்டரில் சென்சார் ஒரே கணத்தில் முழுவதுமாகப் படிக்கப்படுவதில்லை. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைவரை ஒவ்வொரு வரியாகப் படிக்கப்படுகிறது. ஷட்டர் வேகத்தை 1/1000 என்று வைத்தாலும், ஒவ்வொரு வரிதான் அவ்வளவு குறுகிய நேரம் ஒளியைப் பெறுகிறதே தவிர, முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே உள்ள நேரம் சென்சாரைப் படிக்கும் வேகத்தைப் பொறுத்தது. பழைய தலைமுறை முழுச்சட்டகச் சென்சார்கள் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ளவை) பலவற்றில் இந்த நேரம் 1/20 விநாடியை, அதாவது 50 மில்லி விநாடியை ஒட்டி இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதில் நேரடியாக எரியும் விளக்குகள் ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறையாக விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். சென்சார் மேலிருந்து கீழே படித்து முடிப்பதற்குள் விளக்கு ஐந்து முறை மங்கிவிடும். படத்தில் ஐந்து பட்டைகள் விழும். எல்.இ.டி. விளக்குகளை மங்கச் செய்யும் மின்சுற்றுகள் பலவும் விளக்கை இதைவிட மிக வேகமாக, விநாடிக்குப் பல நூறு முறையோ பல ஆயிரம் முறையோ அணைத்து ஏற்றுகின்றன. அப்போது பட்டைகள் மெலிதாகி, படம் முழுவதும் கோடு போட்ட துணி போல ஆகிவிடும். கண்ணுக்கு இவற்றில் எதுவுமே தெரியாது என்பதால், கச்சேரி நடக்கும்போது எச்சரிக்கையும் கிடைக்காது.

அசைவிலும் இதே சிக்கல்தான். தாளம் போடும் கை விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் கீழே விழுகிறது என்றும், அந்தக் கை படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கை அடைத்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். விரல் நுனியும் மணிக்கட்டும் பதிவாவதற்கு இடையே 10 மில்லி விநாடி கடந்துவிட்டால், அதற்குள் கை இரண்டு சென்டிமீட்டர் இறங்கிவிடும். படத்தில் அந்தக் கை இரண்டு சென்டிமீட்டர் நீண்டிருக்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக் கலைஞரின் விரல்கள் ஓடும் வேகத்தில் இது இன்னும் மோசமாகும். கோர்வையின் உச்சத்தில் எடுத்த ஒரு படத்தில் வித்வானின் விரல்கள் உருகிய மெழுகு போல வளைந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாயிற்று. முப்பது, நாற்பது ஆண்டு சாதகத்தில் வந்த கையை அப்படிக் காட்ட யாருக்கும் உரிமையில்லை.

இசட் 8 வரும் இடம் இதுதான். 2023 மே மாதம் அறிவிக்கப்பட்ட இந்தக் கேமராவில், 2021-இல் வந்த இசட் 9 கேமராவில் உள்ளதைப் போலவே, இயந்திர ஷட்டர் அறவே கிடையாது. 45.7 மெகாபிக்சல் கொண்ட அதன் சென்சார், ஒளியை வாங்கும் அடுக்குக்குப் பின்னால் மின்சுற்று அடுக்கை வைத்துக் கட்டப்பட்ட அடுக்குச் சென்சார். முழுப் படத்தையும் அது ஏறக்குறைய 1/270 விநாடியில், அதாவது 4 மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் படித்துவிடுகிறது. மேலே சொன்ன ஐந்து பட்டைகள் இப்போது ஒரு பட்டையின் பாதிகூட இல்லை. மேலிருந்து கீழாக ஓர் இலேசான வெளிச்ச வேறுபாடு மட்டும் சில படங்களில் தெரியலாம். இரண்டு சென்டிமீட்டர் நீண்ட அந்தக் கை இப்போது ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஓடுவதற்குத் திரையே இல்லாததால், ஷட்டரிலிருந்து வரக்கூடிய ஓசையும் இல்லை. வாங்கிய புதிதில் கேட்கும் ‘க்ளிக்’ ஓசை சிறிய ஸ்பீக்கர் வழியாகக் கேமரா வேண்டுமென்றே எழுப்புவது. அமைப்புப் பட்டியலில் உள்ள சைலன்ட் முறையை இயக்கினால் அந்த ஓசையும், ஃபோகஸ் கிடைத்ததற்கான ‘பீப்’ ஒலியும் ஒருசேர நின்றுவிடும்.

முதன்முறையாக இதைக் கொண்டு சென்றதும் ஒரு சிறிய கூடத்துக்குத்தான். பாடகருக்கும் எனக்கும் இடையே மூன்று மீட்டர்கூட இல்லை. தோடி ஆலாபனையின் நடுவே, வயலின் கலைஞர் பாடகரின் கடைசிச் சங்கதியைப் பிடித்து மெலிதாக நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், விரலை அழுத்தினேன். எதுவும் கேட்கவில்லை. படம் எடுக்கப்பட்டதா என்று எனக்கே ஐயம் வந்தது. என் பக்கத்தில் அமர்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பவில்லை. அன்று மாலை நான் கச்சேரியையும் முழுதாகக் கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பெல்லாம் அடுத்த சத்தத்தை எங்கே ஒளிப்பது என்ற கணக்கிலேயே பாதி மனம் போய்விடும்.

பட்டைச் சிக்கல் இதில் முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 1000 ஹெர்ட்ஸ் வேகத்தில் அணைந்து எரியும் எல்.இ.டி. விளக்கின் கீழ், 4 மில்லி விநாடியிலும் நான்கு பட்டைகளுக்கு இடம் இருக்கிறது. இதற்காக இசட் 8 கேமராவில் உயர் அதிர்வெண் ஃபிளிக்கர் (விளக்கின் துடிப்பு) குறைப்பு என்றொரு வசதி தரப்பட்டிருக்கிறது. பொதுவாக ஷட்டர் வேகத்தை 1/250, 1/320 என்று பெரிய படிகளில்தான் மாற்ற முடியும். இந்த வசதியை இயக்கினால் மிக நுண்ணிய படிகளில் மாற்றலாம். விளக்கு ஒருமுறை அணைந்து எரிவதற்கு ஆகும் நேரத்தின் முழு மடங்காக ஷட்டர் வேகம் அமைந்துவிட்டால், ஒவ்வொரு வரிக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும், பட்டைகள் மறைந்துவிடும். நான் கச்சேரி தொடங்குவதற்கு அரை மணி முன்பே சென்று, மேடை விளக்குகள் ஏற்றப்பட்டதும் வெறும் மேடையைப் பார்த்துச் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றுவேன். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் கோடுகள் அகன்று அகன்று ஓர் இடத்தில் கரைந்துபோகும். அந்த வேகத்தைக் குறித்துக்கொண்டால் அன்றைய மாலைக்கு அது போதும். இந்த ஒரு வசதிக்காகவே, கச்சேரி, நாடகம், நாட்டியம் ஆகியவற்றை எடுப்பவர்களுக்கு இந்தக் கேமராவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மேடையின் பின்னால் எல்.இ.டி. திரை வைத்திருக்கும் அரங்குகளில் மட்டும் கவனம் தேவை. அந்தத் திரை ஒரு கணக்கிலும் முகத்தின் மேல் விழும் விளக்கு வேறொரு கணக்கிலும் துடிப்பதால், இரண்டையும் ஒருசேரச் சரிசெய்ய எந்த ஷட்டர் வேகத்தாலும் ஆகாது. நான் முகத்துக்கு ஏற்ப வைத்துவிட்டு, திரை படத்தில் வராத கோணத்தில் அமர்ந்துகொள்வேன்.

ஷட்டர் ஊமையாகிவிட்டால் அதுவரை காதில் விழாத சிறு ஓசைகள் வெளியே வருகின்றன. முதலாவது, அபர்ச்சர். நிக்கான் இசட் வகைக் கேமராக்கள் நாம் வைத்த அபர்ச்சரிலேயே, எஃப் 5.6 வரை, காட்சியைக் காட்டுகின்றன (எஃப் எண் கூடக்கூட அபர்ச்சர் சிறிதாகும்). எனவே எஃப் 1.8 முதல் எஃப் 5.6 வரை எதை வைத்தாலும் படம் எடுக்கும் கணத்தில் இதழ்கள் அசைய வேண்டிய தேவையில்லை. எஃப் 8 என்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் இதழ்கள் மூடித் திறக்கும். அந்த மெல்லிய ‘சிக்’ ஓசை அமைதியான கூடத்தில் கேட்கும். கச்சேரி வெளிச்சத்தில் எஃப் 8 யாருக்கும் தேவைப்படாது என்றாலும், மேடையில் உள்ள அனைவரையும் தெளிவாகக் காட்ட விரும்பி ஒருமுறை அப்படி வைத்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்கான பழைய எஃப் வகை லென்ஸ்களை எஃப்.டி.இசட். என்னும் இணைப்பு அடாப்டரில் மாட்டுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். லென்ஸின் நெம்புகோலை அடாப்டருக்குள் இருக்கும் மோட்டார்தான் அசைக்கிறது, அந்த ஓசை சற்றுக் கூடுதலாகவே கேட்கும். சைலன்ட் முறையை நம்பி இசட் 8 வாங்குகிறவர் இசட் வகை லென்ஸையும் சேர்த்து வாங்குவதே முறை. நான் பெரும்பாலும் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும், பெரிய அரங்குகளில் 70-200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸையும் பயன்படுத்துகிறேன். இரண்டின் ஃபோகஸ் மோட்டாரும் கேமராவில் காதை வைத்தால்தான் கேட்கும்.

இரண்டாவது, கேமராவை அணைக்கும்போதும் இயக்கும்போதும் சென்சாருக்கு முன்னால் மூடித் திறக்கும் காப்புத் திரை. தூசிக்கு எதிராக அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கச்சேரி நேரத்தில் அதைத் திறந்தே இருக்கும்படி அமைத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது ஓசையே அல்ல, ஒளி. இருண்ட அரங்கில் பின்பக்கத் திரை ஒளிர்வது, பின்வரிசையில் இருப்பவருக்கு ஷட்டர் ஓசையைவிடப் பெரிய தொந்தரவு. வியூஃபைண்டர் மட்டும் இயங்கும் முறையில் வைத்துவிட்டால் அந்தத் திரை ஒருபோதும் ஒளிராது. எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமானாலும் வியூஃபைண்டரிலேயே பார்க்கலாம். ஃபோகஸுக்கு உதவும் முன்விளக்கையும் அணைத்துவிட வேண்டும். பாடிக்கொண்டிருப்பவரின் கண்ணில் திடீரென்று அது விழுவதைவிட ஒரு ‘க்ளிக்’ எவ்வளவோ மேல். மெல்லொளியில் ஃபோகஸ் செய்யும் திறன் இந்தக் கேமராவில் நன்றாகவே இருப்பதால் அந்த விளக்கின் தேவை எனக்கு ஒருமுறைகூட ஏற்படவில்லை.

ஓசை இல்லாத கேமராவில் பழக வேண்டிய மற்றொன்று, படம் எடுக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது. இத்தனை ஆண்டுகளாக என் கை, ஓசையைக் கேட்டே அடுத்த படத்துக்குத் தயாராகியிருக்கிறது. இசட் 8 கேமராவில் வியூஃபைண்டர் படம் எடுக்கும்போது இருண்டுபோவதில்லை. அதற்குப் பதிலாக ஓரங்களில் சிறு கோடுகள் மின்னுமாறு வைத்துக்கொள்ளலாம். இதற்குக் கண் பழக எனக்கு மூன்று கச்சேரிகள் ஆயின. பழகிய பிறகு இது பெரிய வரம். கமகத்தின் அசைவில் முகம் மாறும் ஒவ்வொரு நிலையையும் இடைவெளியில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்க முடிகிறது. ஆனால் விநாடிக்கு 20 படங்களை ஓசையில்லாமல் எடுக்க முடிகிறது என்பதால், விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கும் பழக்கமும் எளிதில் வந்துவிடுகிறது. முதல் மார்கழியில் ஒரே மாலையில் நாலாயிரம் படங்களோடு வீடு திரும்பினேன். அவற்றில் நான் வைத்துக்கொண்டவை நாற்பதுக்கும் குறைவு. இப்போது தனி ஆவர்த்தனம் தவிர மற்ற நேரங்களில் ஒற்றைப் பட முறையில்தான் வைத்திருக்கிறேன்.

சத்தத்தைக் குறைக்கும் வழிகளில் மிகப் பழையதும் செலவில்லாததும் தூரம்தான். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். சுவர்கள் எதிரொலிக்கும் அரங்கில் அவ்வளவு குறையாது என்றாலும் குறையத்தான் செய்யும். இங்கே 45.7 மெகாபிக்சல் மறைமுகமாக உதவுகிறது. 200 மி.மீ. லென்ஸோடு எட்டாவது வரிசையில் அமர்ந்து, படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் டி.எக்ஸ். முறைக்கு மாறினால், 300 மி.மீ. லென்ஸின் நெருக்கமும் 19 மெகாபிக்சல் படமும் கிடைக்கின்றன. சபா மலருக்கோ இதழ்களுக்கோ இது தாராளம். துணி உரசும் ஓசை, கழுத்துப் பட்டையின் கொக்கி ஓசை, பை ஜிப்பின் ஓசை இவை எல்லாவற்றுக்கும் எட்டு வரிசைத் தூரம் நல்ல மருந்து. படத்தின் புள்ளிகளைப் பொறுத்தவரை, சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண் 3200 வரை எனக்குக் குறையே இல்லை. 6400-இல் கறுப்புப் புடவையின் மடிப்புகளில் சிறிது தெரியும், அச்சில் தெரியாது.

குறைகளில் முதலாவது எடை. பேட்டரியும் கார்டும் சேர்ந்து 910 கிராம்; 70-200 லென்ஸையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரக் கச்சேரியில் கையில் தூக்கிப் பிடிக்கக்கூடிய எடையல்ல. தரையில் அமர்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டால்தான் சமாளிக்க முடியும். முக்காலி வைத்தால் பின்னால் இருப்பவர்களின் பார்வையை மறைக்கும் என்பதால் நான் அதைக் கொண்டுபோவதில்லை. பேட்டரி, தொழில் அளவுகோலின்படி ஒரு சார்ஜுக்கு 330 படங்களை ஒட்டியது. தொடர்ந்து எடுக்கும்போது இதைவிடப் பல மடங்கு கிடைக்கும் என்றாலும், வியூஃபைண்டரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் கச்சேரிப் பாணியில் இரண்டாவது பேட்டரி கட்டாயம் வேண்டும். அதை மாற்ற வேண்டிய நேரம் தனி ஆவர்த்தனமாக இருந்துவிடாமல் முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். இரண்டு கார்டு இடங்களும் ஒரே வகையல்ல, ஒன்று சி.எஃப்.எக்ஸ்பிரஸ், மற்றொன்று எஸ்.டி. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவுசெய்கிறவர்கள் மெதுவான கார்டின் வேகத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக விலை. அறிமுகமானபோது அமெரிக்காவில் ஏறக்குறைய 4,000 டாலர். இந்தியாவில் லென்ஸ் இல்லாமலேயே மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆண்டுக்கு ஒரு கச்சேரி எடுப்பவரிடம் இதை வாங்கச் சொல்வது நியாயமில்லை.

எனவே வேறு வழிகளையும் சொல்ல வேண்டும். நிக்கான் இசட் 6 III கேமராவில் உள்ளது பகுதி அடுக்குச் சென்சார். அது படித்து முடிக்கும் நேரம் 15 மில்லி விநாடியை ஒட்டியது. 50 மில்லி விநாடிச் சென்சாரில் ஐந்து பட்டைகள் என்றால் இதில் ஒன்றரை. பெரும்பாலான ஆலாபனைப் படங்களுக்கு இது போதும், விலையும் கணிசமாகக் குறைவு. முழுச்சட்டகத்தில் அடுக்குச் சென்சாரை முதலில் கொண்டுவந்த சோனி ஏ9, 2017-இல் வந்தது. பழைய கேமராக் கடைகளில் நல்ல நிலையில் கிடைத்தால், ஓசையில்லாத கச்சேரிப் படங்களுக்கு இன்றைக்கும் நான் அதை மதிப்பேன். அதே நிறுவனத்தின் ஏ9 III சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவுசெய்கிறது; வரி வரியாகப் படிப்பதால் வரும் வளைவும் பட்டையும் அதில் கிடையாது. ஆனால் அதன் விலை இசட் 8 விலையையும் தாண்டியது. ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசைக் கேமராக்களின் வழி வேறு: அவற்றில் லென்ஸுக்குள்ளேயே இதழ் ஷட்டர் இருக்கிறது. இயந்திர ஷட்டர் என்றாலும் சிறிய இதழ்கள் என்பதால் ஓசை மிக மெலிது. படம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒளியைப் பெறுவதால் பட்டைகளும் விழுவதில்லை. கழற்ற முடியாத அகன்ற லென்ஸ் என்பதால் மேடைக்கு உதவாது. கச்சேரிக்கு முன் ஒப்பனை அறையில் தம்பூரா சுருதி சேர்க்கும் காட்சிகளுக்கு அதைவிடப் பொருத்தமான கேமராவை நான் கண்டதில்லை.

ஏற்கெனவே மெதுவான சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமராவை வைத்திருப்பவர்கள் அதைக்கொண்டே நிறையச் செய்யலாம். சைலன்ட் முறையில் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வையுங்கள். 100 முறை துடிக்கும் விளக்கின் ஒரு முழுத் துடிப்போ இரண்டு துடிப்போ அதில் அடங்கிவிடும் என்பதால் பட்டை விழாது. ஆலாபனையிலும் விருத்தத்திலும் பாடகரின் முகம் அசையாமல் நிற்கும் கணங்கள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கு 1/100 தாராளம். மிருதங்கமும் கடமும் முழங்கும் தனி ஆவர்த்தனத்தில் இயந்திர ஷட்டருக்கு மாறி, விரல்களை உறையவைக்கும் வேகத்தில் எடுங்கள்; அந்த முழக்கத்தில் ஷட்டரின் ஓசை யார் காதிலும் விழாது. மின்னணு முன்திரை வசதி இருந்தால் அதை இயக்குங்கள்; இரண்டு திரைகளின் ஓசையில் ஒன்று குறையும். அரங்கின் விளக்குகளைக் கச்சேரிக்கு முன்பே 1/1000 வேகத்தில் ஒரு படம் எடுத்துச் சோதித்துவிடுங்கள்.

ஓசையில்லாத கேமரா கையில் இருக்கும்போது, எடுக்கப்படுபவருக்குத் தாம் எடுக்கப்படுவது தெரியாமலே போய்விடுகிறது. பழைய ஷட்டர் தொந்தரவாக இருந்தாலும், ‘இங்கே ஒருவர் படம் எடுக்கிறார்’ என்று அறிவிக்கவும் செய்தது. அதனால் இப்போது கச்சேரிக்கு முன்பே சபாக்காரர்களிடமும் கலைஞர்களிடமும் சென்று, எங்கே அமர்வேன், எப்போது எடுப்பேன் என்பதைச் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்கிறேன். சென்ற மார்கழியில் ஒரு மூத்த வயலின் வித்வான், “தனி முடியும்வரைக்கும் எடுத்துக்கோங்கோ, அதுக்கப்புறம் துக்கடா பாடறப்போ வேண்டாம், நான் கொஞ்சம் கேட்டுண்டு வாசிக்கணும்” என்றார். தனி முடிந்து கைத்தட்டல் அடங்கியதும் கேமராவை மடியில் வைத்துவிட்டேன். இசட் 8 அன்று எடுக்காமல் விட்ட அந்த அரை மணி நேரத்தில்தான் அவர் சிந்துபைரவி வாசித்தார்.